மின்சார மோட்டாரும் நாமக்கல் பட்டறையும்

நமது பத்திரிகாலயத்தின் வாசலில் இரண்டு வருஷங்களாக ஒரு மின்சார மோட்டார் வண்டி நின்று வருவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பர். அதைக் கண்டவர்கள் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். எத்தனை தூரம் ஓடும்? மழையில் ஷாக் அடிக்காதா? வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? கோர்ட்டுச் சேவகர் முதல் பெரிய வக்கீல்கள் வரையில் இக்கேள்விகளில் பேதமில்லை. சிலர் தாமும் வாங்க உத்தேசித்து, நமது அபிப்பிராயத்தைக் கடித மூலம் வினவியிருக்கின்றனர். தனித்தனியே விடை எழுத அவகாசமில்லாமையால் இன்று இப்பகுதியை அவ்விஷயத்திற்கு ஒதுக்கினோம். வண்டி எந்தக் கம்பெனியாருடையது என்று சொல்லப் போவதில்லை. நாம் எடுத்துக்காட்டும் குறைகள் ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியன அல்ல, நிறைகளும் அவ்வாறே.

மின்சார வண்டி நேற்றுப் பிறந்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 1900-ம் வருஷத்தில் அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மின்சாரத்தால் ஓடியவை. பெட்ரோல் வண்டியை முன்புறம் நின்று கைப்பிடியால் சுற்றிக் கிளப்ப வேண்டியிருந்தது. பலருக்கு அதனால் கை முறிந்தது. 1912-ல் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் வண்டியில் வந்தது. அத்துடன் பழைய மின்சார வண்டியின் காலம் முடியத் தொடங்கிற்று. மின்சார வண்டியைக் கொன்றது ஒரு சிறு மின்சார மோட்டாரே என்பது வேடிக்கை. நம் பக்கத்திலும் முயற்சி இல்லாமலில்லை. 1993-ல் டில்லி மோட்டார் கண்காட்சியில் 'லவ்பேர்ட்' என்ற இருவர் அமரும் மின்சார வண்டியை வைத்தவர்கள், கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயமுத்தூரிலும் தொழில் நடத்திய எட்டி கரன்ட் கண்ட்ரோல்ஸ் கம்பெனியார். ஜப்பானிய யாஸ்காவா கம்பெனியின் ஒத்துழைப்புடன் செய்த அவ்வண்டி, ஈய பாட்டரியைச் சுமந்து சுமார் 60 கிலோ மீட்டர் ஓடியது. வாங்குவார் மிகச் சிலரே. 2001-ல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வந்தது. அதற்கும் லண்டன் நகரத்தார் காட்டிய ஆதரவை நம்மவர் காட்டவில்லை. லிதியம் பாட்டரி மலிந்த பிறகே காலம் மாறிற்று.

இனி நமது அனுபவத்தைக் கூறுவோம்.

முதல் விசேஷம் நிசப்தம். ஆண்டகளூர் கேட்டைத் தாண்டி ராசிபுரம் சாலையில் திரும்பினால் எதிரே ஆட்டு மந்தை வரும். லாரியின் உறுமலைக் கேட்டு ஒதுங்கிப் பழகிய ஆடுகளும், அவற்றை ஓட்டி வருபவரும், நமது வண்டி முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நிற்கும் வரையில் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹாரன் அடித்தால் திடுக்கிட்டு நாலாபுறமும் சிதறுகின்றன. ஐரோப்பாவில் 2021 முதல் விற்கும் ஒவ்வொரு மின்சார வண்டியும் மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகம் வரையில் செயற்கையாக ஓசை எழுப்பியே செல்ல வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறார்கள். கண் தெரியாதவர்களை முன்னிட்டுச் செய்த நல்ல ஏற்பாடு அது. நம் சாலைகளில் ஆடு மாடுகளையும் அக்கணக்கில் சேர்த்துக் கொள்ளலாம்.

நிசப்தத்திற்கு இன்னொரு முகம் உண்டு. வாங்கிய மூன்றாம் மாதம் வண்டிக்குள் 'கிடுகிடு' என்றொரு ஓசை கேட்கலாயிற்று. பின்கதவிலிருந்தா, பலகையிலிருந்தா என்று புரியவில்லை. விற்ற ஸ்தாபனத்தார் இரண்டு முறை வண்டியை வாங்கி வைத்துக் கொண்டு, "ஓசை ஒன்றும் இல்லை" என்று எழுதித் திருப்பியனுப்பினர். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் நமது நண்பரான மேஸ்திரி ஒருவர் பக்கத்தில் அமர்ந்து நாலு மைல் வந்தார். இறங்கியதும் சொன்னார்: "வக்கீலய்யா, இது புதுசா வந்த சத்தமில்லீங்க. எல்லாக் காருலயும் இருக்கிறதுதானுங்க. முன்னெல்லாம் இஞ்சின் சத்தம் போட்டு மூடி வெச்சிருந்துச்சு. இப்ப மூட ஆளில்லை." பிறகு பின்கதவின் உள்தகட்டைக் கழற்றி, பழைய சைக்கிள் டியூபை இரண்டு துண்டு நறுக்கி உள்ளே செருகினார். ஓசை ஒழிந்தது. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

மேஸ்திரி சொன்னதில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. பெட்ரோல் வண்டியில் இஞ்சினின் குலுக்கலும் முழக்கமும் தச்சு வேலையின் குறைகளை மறைத்தன. மின்சார வண்டியில் கதவு இடுக்கு ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருப்பதும், பிளாஸ்டிக் கொக்கி தளர்ந்திருப்பதும் உடனே காதுக்கு எட்டிவிடுகின்றன. இதில் கம்பெனியாருக்குள்ள சங்கடத்தையும் சொல்ல வேண்டும். இவ்வண்டியின் விலையில் பெரும் பங்கு பாட்டரிப் பெட்டிக்கே போய்விடுகிறது. மிஞ்சிய தொகையில் ஆசனம், தகடு, கதவு, கண்ணாடி யாவும் செய்தாக வேண்டும். ஆகவே எங்கே கண் படாதோ அங்கே கை குறைகிறது. அதே சமயம் கண் படும் இடத்தில் ஒரு முழ நீளக் கண்ணாடித் திரையைப் பதித்துவிடுகின்றனர். குளிர்ந்த காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முன்னெல்லாம் ஒரு திருகு இருந்தது, பார்க்காமலே திருகலாம். இப்போது அத்திரையில் இரண்டு பக்கங்களைப் புரட்டி விரலால் தொட வேண்டும். சித்திரை வெயில் அதன்மேல் விழும்போது திரையில் நமது முகந்தான் தெரிகிறது. திருகு செய்வதைவிடத் திரை மலிவு என்பதே இதன் ரகசியம். நாகரிகம் என்று பெயரிட்டு விற்கிறார்கள்.

அடுத்தது மின்சாரம் ஏற்றும் விஷயம். வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கிலேயே இரவு முழுவதும் ஏற்றலாம் என்று சொல்லித்தான் விற்றார்கள். முதல் வைகாசியில் ஓர் இரவு சார்ஜ் ஏற மறுத்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. வண்டியில் பழுதில்லை. நம் வீட்டு எர்த் சரியில்லை! சார்ஜர் என்னும் அக்கருவி பூமித் தொடர்பை முதலில் சோதித்து, அது பலவீனமாயிருந்தால் ஒரு துளி மின்சாரமும் ஏற்றாது. உயிருக்குப் பாதுகாப்பான ஏற்பாடே. ஆனால் சேலத்துச் சரளை மண்ணும் பாறையும் கோடையில் வறண்டு போனபின் எர்த் குழி எப்படி வேலை செய்யும்? மின்சார வேலைக்காரர் வந்து குழியைத் தோண்டி, உப்பும் கரியும் புதிதாய் இட்டு, தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் போனார். அன்று முதல் பங்குனி பிறந்தால் வீட்டுத் துளசிக்கு ஊற்றிய பிறகு எர்த் குழிக்கும் ஊற்றுகிறோம். பெட்ரோல் வண்டிக்காரருக்கு இந்த அனுஷ்டானம் கிடையாது.

செலவுக் கணக்கையும் ஒளிவின்றிக் கூறுவோம். மாதம் ஆயிரம் கிலோ மீட்டர் ஓடும் வண்டிக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 340 யூனிட் வேண்டியிருக்கிறது. நம் மாகாணத்தில் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகையும் குறைகிறது. ஆகவே 350 யூனிட் செலவிடும் சாதாரண வீட்டில் வண்டி புகுந்தவுடன் கணக்கு மேல்படிக்கு ஏறி, வண்டிக்குச் செலவாகும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல் விடிகிறது. விற்பனையாளர் காகிதத்தில் காட்டும் கணக்கில் இந்தப் படியேற்றம் இராது. அப்படியும் கிலோ மீட்டருக்கு ஒன்றரை ரூபாய்தான். அதே அளவு பெட்ரோல் வண்டிக்கு ஆறு ஏழு ரூபாய் ஆகும். ஆகவே தினம் ஓடுகிறவருக்கு லாபமே. வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போகிறவர் வட்டிக் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். இலவச மின்சாரமுள்ள பம்புசெட்டுக் கொட்டகையில் வண்டியைக் கட்டி ஏற்றுவோரும் உளர் என்று கேள்விப்படுகிறோம். அது விவசாயிக்காகக் கொடுத்த சலுகையைத் திருடுவதாகும், அபராதமும் உண்டு.

புகையில்லா வண்டி என்று பெருமை பேசும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டூர் அணை 1934-ல் முடிந்து, 1937 முதல் அங்கே நீர்மின்சாரம் எடுக்கப்படுகிறது. ஆனால் நாம் உறங்கும்போது வண்டியில் ஏறும் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியால் ஆனது. அக்கரியை எரிக்கும் அனல் நிலையம் ஒன்றும் அதே மேட்டூரில்தான் இருக்கிறது. சேலம் கடைவீதியில் நாம் விடாத புகையில் ஒரு பங்கை மேட்டூர் வாசிகள் சுவாசிக்கிறார்கள். மின்சார மோட்டார் சக்தியை வீணாக்காமல் பயன்படுத்துவதால் மொத்தத்தில் புகை குறைவு என்பது மெய், இல்லையென்பது மெய்யன்று.

ஓடும் தூரம் பற்றி ஊரெங்கும் வழக்காடுகிறார்கள். விளம்பரத்தில் சொல்லும் தூரம், உருளைகளின்மேல் வண்டியை ஓட்டிச் சோதனைச்சாலையில் அளந்தது. அச்சோதனையில் வேகம் ஒரு கட்டத்திலும் 90 கிலோ மீட்டரைத் தாண்டாது. நமது நான்குவழிச் சாலையில் நூறில் செல்பவருக்கு அந்தத் தூரம் எவ்வாறு கிடைக்கும்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. வெளியே 40 டிகிரி காயும்போது குளிர்சாதனம் வேறு தன் பங்கைத் தின்கிறது. விளம்பரத் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் திருப்தியடையலாம் என்பது நமது அனுபவம். 2021-ல் டில்லி சர்க்கார், சொன்ன தூரம் ஓடவில்லை என்ற புகார்களின்மேல் ஒரு வண்டிக்கு அளித்த மானியத்தை நிறுத்தி வைத்தது. கம்பெனியார் ஹைகோர்ட்டுக்குச் சென்று தடையுத்தரவு பெற்றனர். இரு சாராரும் தத்தம் முறையில் நியாயம் உடையவர்களே. சோதனை பொய்யன்று, சாலை வேறு.

சேலத்திலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 340 கிலோ மீட்டர். வழியில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒரு முறை நிறுத்தி ஏற்றிக் கொள்கிறோம். அரைமணி முதல் முக்கால் மணி ஆகும்; காப்பியும் பத்திரிகையும் அதற்குள் முடியும். ஆனால் போனவுடன் இடம் காலியாயிருக்க வேண்டும், இயந்திரம் உயிரோடிருக்க வேண்டும், நம் டெலிபோனில் அந்தக் கம்பெனியின் செயலி இருக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம். நம் பணம் சிறிது சிறிதாய் ஆறு இடங்களில் தூங்குகிறது. பெட்ரோல் பங்கில் ரூபாய் நோட்டை நீட்டினால் போதும். பங்க் வைத்திருப்பவர் நமது ஜாதகத்தைக் கேட்டதில்லை.

மலைப் பிரயாணத்தைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. அதில்தான் இவ்வண்டியின் சாமர்த்தியம் முழுதும் தெரிகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 1,200 மீட்டர் உயரம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களுடன் 1,700 கிலோ எடையுள்ள வண்டியை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் ஐந்தரை யூனிட் வேண்டும். இது பௌதிக சாஸ்திரக் கணக்கு, எந்தக் கம்பெனியாலும் குறைக்க முடியாது. ஆனால் இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, வண்டியைத் தடுத்துக்கொண்டே மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பியனுப்புகிறது. அடிவாரம் வருவதற்குள் மூன்று யூனிட் அளவில் மீண்டுவிடுகிறது. கொடுத்த கடனில் பாதிக்கு மேல் திரும்பி வருவது வக்கீல் தொழிலில் நாம் அதிகம் காணாத காட்சி! இங்கே ஓர் எச்சரிக்கை. ஏற்காட்டு விடுதியில் இரவு முழுதும் ஏற்றிப் பாட்டரியை நிரப்பிக் கொண்டு காலையில் இறங்கக் கூடாது. நிறைந்த பாட்டரி மேற்கொண்டு வாங்காது. ஆதலால் மோட்டார் தடுக்காது. பாரமெல்லாம் சாதாரண பிரேக்கின்மேல் விழுந்து சூடேறும். நூற்றுக்கு எண்பதுடன் நிறுத்தி இறங்குவதே விவேகம். கொல்லிமலையின் எழுபது வளைவுகளுக்கு இது இன்னும் அதிகமாய்ப் பொருந்தும்.

மோட்டாரே தடுத்துவிடுவதால் சமவெளியில் பிரேக்குக்கு வேலையில்லை. வேலையில்லாத இரும்பு துருப்பிடிக்கிறது. ஐப்பசி மழைக்குப் பின் முதல் முறை அழுத்தினால் 'கரகர' என்று அழும். வாரம் ஒரு முறை வெறிச்சாலையில் வேண்டுமென்றே நன்றாக அழுத்தி நிறுத்துவது வழக்கமாயிற்று. இதற்கு நேர்மாறாக டயர் சீக்கிரம் தேய்கிறது. வண்டி, அதே ரகப் பெட்ரோல் வண்டியைவிட இருநூறு முந்நூறு கிலோ கனம். தொட்டவுடன் பாய்கிற மோட்டார் வேறு. ஸ்டெப்னி சக்கரத்தையும் பல கம்பெனியார் எடுத்துவிட்டு, பசையும் காற்றடிக்கும் கருவியும் அடங்கிய ஒரு பையைத் தருகின்றனர். 2020-ல் மத்திய சர்க்கார் விதியைத் தளர்த்தி இதற்கு வழிவிட்டது. ஆணி ஏறினால் பசை போதும். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் பசையைக் கையில் வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்க வேண்டியதுதான்.

நின்ற கதை ஒன்று உண்டு. சென்ற கார்த்திகையில் நாமக்கல் கோர்ட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தி வழக்கை முடித்துத் திரும்பினோம். கதவு திறக்கவில்லை. பெரிய பாட்டரியில் நூற்றுக்கு எண்பது பங்கு மின்சாரம் இருந்தது. காலையில் நம் கண்ணால் பார்த்தோம். சாவிக்குள் ஒளித்து வைத்திருக்கும் இரும்புச் சாவியால் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை. காரணம், எல்லா மோட்டார்களிலும் உள்ள 12 வோல்ட் சிறு பாட்டரி செத்துப் போயிற்று. பெரிய பாட்டரியை மோட்டாருடன் இணைக்கும் விசையை மூடுவதற்கு இந்தச் சிறு பாட்டரியின் மின்சாரம் வேண்டும். அரண்மனைக் களஞ்சியம் நிறைந்திருந்தும் சாவி வைத்திருக்கும் கிழவன் மயங்கி விழுந்ததால் சமையல் நடக்காத கதை! கம்பெனியின் உதவி எண்ணில் கூப்பிட்டோம். இழுவை வண்டி மாலைக்குள் வரும் என்றனர்.

நம் மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பினோம். அவர் ஒரு லாரியுடனேயே வந்தார். லாரியில் 24 வோல்ட் என்பது நேயர்கள் அறிந்ததே; அப்படியே இணைத்திருந்தால் நமது வண்டியின் நுண்ணிய உறுப்புகள் பொசுங்கியிருக்கும். அவர் ஒன்றும் சொல்லாமல், லாரியின் இரண்டு பாட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பியை எடுத்துப் பூட்டினார். ஒரு நிமிஷத்தில் திரை ஒளிர்ந்தது. வண்டி விழித்துத் தன் சிறு பாட்டரிக்குத் தானே ஊட்டத் தொடங்கிற்று. இழுவை வண்டி வர வேண்டாமென்று சொல்லியனுப்பினோம்.

இதுவரை சொன்னவை எல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. சில ரசிக்கத் தக்கவையுங்கூட. இனிச் சொல்வது அப்படியன்று.

தை மாதத்தில் சங்ககிரிப் பக்கம் ஒரு கிராமச் சாலையில், வெள்ளைக் கோடு போடாத புதிய வேகத்தடை ஒன்றின்மேல் வண்டியின் அடிவயிறு மோதிற்று. பாட்டரிப் பெட்டி அங்கேதான் இருக்கிறது. வண்டி நிற்கவில்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஆயினும் பார்த்துவிடுவது நலமென்று சர்வீஸ் ஸ்தாபனத்தில் விட்டோம். அடித்தகடு ஒரு சாண் நீளம் குழிந்திருந்தது. மறுநாள் எஸ்டிமேட் வந்தது: பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும்; ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல். தகட்டை மட்டும் மாற்றலாகாதா என்றோம். தகடு தனியாக விற்பனைக்கில்லை என்றார்கள். பெட்டியைத் திறந்து உள்ளே சேதமுண்டா என்று நம் முன் காட்டுங்கள் என்றோம். திறக்க இந்தக் கிளைக்கு அதிகாரமில்லை என்றார்கள். வேறு பட்டறையில் தட்டை நிமிர்த்தினால்? எட்டு வருஷ வாரண்டி ரத்தாகும் என்று அச்சிட்ட காகிதத்தைக் காட்டினார்கள்.

கம்பெனியார் பக்கத்து நியாயத்தையும் எடுத்துரைப்பது நமது கடமை. அப்பெட்டியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் இருக்கிறது. தெரியாதவர் கை வைத்தால் உயிர் போகும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி மூழ்கினாலும் உள்ளே நீர் புகாதபடி அதை இறுக மூடியிருக்கிறார்கள். மழையில் ஷாக் அடிக்காமைக்கு அதுவே காரணம். 2022-ல் வேலூரில் வீட்டுக்குள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றித் தந்தையும் மகளும் மாண்ட துயரத்தை யார் மறப்பர்? அதன் பின்னரே மத்திய சர்க்கார் பாட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சு முடிவிலுமாக அமுலுக்குக் கொண்டுவந்தது. பெட்டியை எவ்வளவு இறுக ஒட்டுகிறார்களோ அவ்வளவு உறுதி, அவ்வளவு லேசு, அவ்வளவு மலிவு. எவ்வளவு ஒட்டுகிறார்களோ அவ்வளவு பழுது பார்ப்பது கடினம். இரண்டையும் ஒருங்கே கேட்க முடியாதென்பதை ஒப்புக் கொள்ளுகிறோம்.

ஆனால் நாம் வசிக்கும் பூமி எது? கம்பெனியிலிருந்து வெறும் சட்டமும் இஞ்சினுமாய் வரும் லாரிக்கு, நாமக்கல் பட்டறைகளில் கேபின் எழுப்பி, பலகை அடித்து, இரும்புக் கோணம் வைத்து முடுக்கி, வர்ணம் தீட்டித் தேசமெங்கும் அனுப்புகிறார்கள். திருச்செங்கோட்டார் துளையிடும் வண்டிகளை அமைத்து வட நாடெங்கும் கிணறு தோண்டுகிறார்கள். அந்த லாரியில் கழற்ற முடியாத போல்ட்டு ஒன்றில்லை. பீகாரில் ஒரு பலகை உடைந்தால் பீகார்த் தச்சன் மாற்றுகிறான். அவ்வேலை அழகில் குறைந்தது, கனத்தில் மிகுந்தது, காற்றைக் கிழிக்கும் லட்சணம் அதற்கில்லை. எனினும் சொந்தக்காரன் அதன் சொந்தக்காரனாகவே சாகும் வரை இருக்கிறான். நமது மின்சார வண்டிக்குப் பதினைந்து லட்சத்துக்கு மேல் கொடுத்தும், அதன் அடித்தகடு ஒன்றை மாற்றும் உரிமை நமக்கில்லை. 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தை மாணவப் பருவத்தில் நெட்டுருச் செய்தோம். விலை கொடுத்துக் கைக்கு வந்த பொருளின் சொத்துரிமை வாங்கியவனைச் சேரும் என்று படித்த ஞாபகம். பூட்டை விற்றுவிட்டுச் சாவியை வாடகைக்கு விடும் வியாபாரத்தை அச்சட்டம் செய்தவர்கள் கண்டதில்லை.

இது புதிய வழக்குமன்று. பெட்ரோல் வண்டிகள் விஷயத்தில், உதிரி உறுப்புகளையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் தடுத்தமைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 மோட்டார் கம்பெனிகளுக்கு ஏறக்குறைய 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியார் கை பட்டதென்ற ஒரே காரணத்தால் வாரண்டி முழுவதையும் ரத்துச் செய்யலாகாது என்றும் அவ்வுத்தரவில் கண்டிருக்கிறது. அப்பீல்கள் நடந்து 2016-ல் சிலருக்கு அபராதம் குறைந்தது. கொள்கை தவறென்று அதனால் ஆகிவிடாது. 2022 ஜூலையில் மத்திய சர்க்கார், பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு கமிட்டி அமைத்து, அவ்வருஷ முடிவில் இணையத்தில் ஒரு பக்கமும் திறந்தது. மோட்டார் வண்டிகளும் அதில் அடங்கும். கமிட்டியும் பக்கமும் உண்டு. கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. அமெரிக்காவில் மாசசூஸட்ஸ் ராஜ்ய ஜனங்கள் 2012-லேயே வாக்களித்து இவ்வுரிமையை வண்டிகளுக்குப் பெற்றனர்; வண்டியிலிருந்து ஆகாய மார்க்கமாய்க் கம்பெனிக்குப் போகும் தகவலையும் 2020-ல் அதில் சேர்த்தனர்.

நமது சட்டசபை அங்கத்தினர்கள் இதைக் கவனிப்பதற்கு விசேஷ காரணமுண்டு. ஓசூரில் டி.வி.எஸ்.ஸும் ஏதரும், போச்சம்பள்ளியில் ஓலாவும் மின்சார ஸ்கூட்டர்களை லட்சக்கணக்கில் செய்கின்றன. இவ்விரண்டு ஊர்களும் 1965 வரையில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனியார் 2025 ஆகஸ்டில் மின்சார மோட்டார்ச் சாலை திறந்தனர். செய்வதற்கு நிலமும் நீரும் வரிச் சலுகையும் நம்முடையவை. 5 சதவீத ஜி.எஸ்.டி. மட்டுமே 2019 முதல் மின்சார வண்டிகளுக்கு விதிக்கப்படுகிறது. இவ்வளவு பெற்றவர்களிடம் ஒரு பழுதுபார்க்கும் புத்தகம் கேட்பது பேராசையாகுமா? சுதேசி என்று விளம்பரம் செய்கிறார்கள். 2025 ஏப்ரலில் சீனா, மோட்டாருக்கு வேண்டிய அபூர்வ உலோகக் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியவுடன் நம் தேசத்துச் சாலைகள் தவித்ததை எல்லாரும் கண்டோம். அவ்வுலோகம் கலந்த மணலைக் கன்னியாகுமரி ஜில்லா மணவாளக்குறிச்சியில் சர்க்கார் கம்பெனியே பிரித்தெடுக்கிறது. காந்தமோ கடல் கடந்து வருகிறது. செய்யும் வித்தையை அன்னியரிடமும், திறக்கும் வித்தையைக் கம்பெனியிடமும் விட்டு, முடுக்கும் வேலையை மட்டும் நமது பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்வதை நாம் சுதேசித் தொழில் என்று ஒப்பமாட்டோம்.

வண்டியின் கதிக்கு வருவோம். நாம் எழுத்து மூலமாகக் கேட்ட பிறகு மூன்றாம் வாரத்தில் தலைமை ஸ்தலத்திலிருந்து ஓர் இஞ்சினீயர் வந்தார். பெட்டியை இறக்கி, மின்கசிவு உண்டாவென்று கருவியால் அளந்தார். ஒரு குறையுமில்லை. குழிந்தது வெளித்தகடும், குளிர்நீர்க் குழாயைத் தாங்கும் ஒரு பட்டையுந்தான். பட்டையை மாற்றினர், தகடு இன்னும் குழிந்தபடியே இருக்கிறது. ஆறு லட்சம் எங்கே, ஆயிரத்துச் சொச்சம் எங்கே? இன்ஷ்யூரன்ஸ் பணந்தானே என்று கையெழுத்திட்டிருந்தால், பழுதில்லாத பெட்டி ஒன்று குப்பைக்குப் போயிருக்கும்.

மாதம் ஒரு முறை நாமக்கல் பட்டறைக் குழியின்மேல் வண்டியை நிறுத்தி, அந்தத் தகட்டில் விரிசல் கண்டிருக்கிறதாவென்று மேஸ்திரி விளக்குப் பிடித்துப் பார்க்கிறார். சென்ற முறை போனபோது, மின்கசிவு அளக்கும் மெக்கர் கருவி ஒன்றைச் சொந்தப் பணத்தில் வாங்கி வைத்திருந்தார். ரப்பர்க் கையுறையும் வாங்கியிருந்தார். "ஆனா எந்த வயரை எங்க தொடறதுன்னு படம் வேணுமுங்களே வக்கீலய்யா, தெரியாம தொட மாட்டேனுங்க" என்றார். படம் கேட்டுக் கம்பெனியாருக்கு மாசி மாதத்தில் ரிஜிஸ்தர் தபாலில் எழுதினோம். பெற்றுக் கொண்டதற்கு ரசீது வந்திருக்கிறது; பதில் வரவில்லை.